ஊசி பிறந்த ஊரில் ஒரு மாணவன்

(திருப்பூரில் பின்னலாடைத் தொழிற்கல்வி பயிலும் மாணவரிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஐரோப்பாவில் படித்துத் திரும்பியவன் பேசுகிறான் என்றதும், பாரிஸ் நகரத்துக் கோபுரத்தையும் ஆல்ப்ஸ் மலைப் பனியையும் வருணிக்கக் கேட்கலாம் என்ற ஆவலோடு வந்திருப்பவர்கள் இச்சபையில் இருக்கக்கூடும். அவற்றை நானும் கண்ணாரக் கண்டேன். ஆயினும் அவற்றைப் பற்றி எழுதி வைத்தவர்கள் அநேகர். படங்களாகவும் அவை உங்கள் கைக்குள்ளேயே இருக்கின்றன. திருப்பூரில் பிறந்து, பஞ்சுத் தூசியைச் சுவாசித்து வளர்ந்த ஒருவனுடைய கண்ணுக்கு மாத்திரம் புலப்படுகிற ஓர் ஐரோப்பா உண்டு. அதைப் பற்றிச் சொல்லவே வந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்புறம் தகரக் கொட்டகை போட்டு, நாலு மெஷின்களை வைத்துக்கொண்டு, என் தகப்பனார் ஜாப் ஒர்க்காகத் துணி ஓட்டிக் கொடுத்து வந்தார். ஊசி வரும் சிறு பெட்டிகள் காலியானவுடன் எனக்கு வந்து சேரும். என் பென்சில் துண்டுகள் அவற்றில்தான் கிடந்தன. பெட்டியின் மேல் 'க்ரோஸ் பெக்கர்ட்' என்று அச்சிட்டிருந்த பெயரை, அது ஆளா ஊரா என்று அறியாமலே, எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகினேன். நாலில் இரண்டாம் நம்பர் மெஷின் 1990-களில் கைமாறி வந்த பழைய மெஷின். அதன் இரும்பு உடம்பில் அடித்திருந்த தகட்டில் 'டைல்ஃபிங்கன்' என்று ஓர் ஊரின் பெயர் இருந்தது. பெட்டியில் இருந்த பெயரும் தகட்டில் இருந்த பெயரும் ஜெர்மனியின் தெற்கே, ஸ்வாபிய மலைமேட்டில், ஒரே நகராட்சிக்குள் அடங்கியவை என்பது, மேற்படிப்புக்குக் கல்லூரி தேடிய 2018-ஆம் ஆண்டில்தான் எனக்குத் தெரிய வந்தது. அந்த மலைமேட்டின் அடிவாரத்தில் இருக்கும் ராய்ட்லிங்கன் நகரத்துக் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதியதற்கு, மனத்துக்குள்ளே இருந்த மெய்யான காரணம் அந்தப் பெட்டியும் அந்தத் தகடுமே.

ராய்ட்லிங்கன் நெசவாளர்களின் பழைய ஊர். அங்குள்ள உயர்கல்விக்கூடம், 1855-ஆம் வருஷத்தில் ஒரு நெசவுப் பள்ளியாகத் தொடங்கி, தறியோடு தானும் வளர்ந்து இன்றைய நிலைமைக்கு வந்தது. தட்டை நிட்டிங் மெஷினுக்குப் பேர்போன ஸ்டோல் கம்பெனியும் அவ்வூரில் வளர்ந்ததுதான். ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சிலை நிற்கிறது: ஃப்ரீட்ரிஷ் லிஸ்ட் என்ற பொருளாதார அறிஞருடைய சிலை. 1789-இல் அவ்வூரிலே பிறந்த அவர், ஒரு நாட்டின் தொழில் சிசுப்பருவத்தில் இருக்கும்போது, அயல்நாட்டுச் சரக்கின் வெள்ளத்திலிருந்து அதைத் தாய்போல் காத்தல் அரசின் கடமை என்று வாதித்தவர். மகாதேவ கோவிந்த ரானடே 1892-இல் புனாவில் இந்தியப் பொருளாதாரத்தைக் குறித்துப் பிரசங்கம் செய்தபோது, ஆங்கிலேய ஆசிரியர்களின் சித்தாந்தத்துக்கு மாற்றாக எடுத்துக்காட்டியவற்றுள் இவருடைய கருத்துக்களும் இருந்தன. 1932 ஜனவரியில் நம் ஊர்த் தெருவில் தடியடி பட்டு, கையில் பிடித்த கொடியை விடாமல் வீழ்ந்த குமரனுக்கு லிஸ்ட் என்ற பெயரே தெரிந்திராது. இருந்தபோதிலும், அந்தச் சிலையைக் கடந்து கல்லூரிக்குப் போன காலைகளில், இவ்விருவரும் ஒரே கேள்வியை அறிவாலும் உடலாலும் கேட்டவர்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வெளிநாடு சென்று படிக்க விரும்புவோர் முதலில் கேட்பது பணத்தைப் பற்றித்தான், அது நியாயமுங்கூட. நான் சென்ற வருஷத்தில், மாதத்துக்கு 720 யூரோ வீதம் ஓராண்டுச் செலவுக்கான 8,640 யூரோவை முன்கூட்டியே ஒரு முடக்கு கணக்கில் போட்டுக் காட்டினால்தான் விசா உண்டு. அத்தொகை இப்போது மேலும் ஏறிவிட்டது. ராய்ட்லிங்கன் அடங்கிய பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ கட்டணம் வாங்கும் முறை 2017-இல் வந்தது. என் தகப்பனார் ஒரு மெஷினை விற்றார். இரண்டாம் நம்பரை விற்கவில்லை.

நான் போய் இறங்கியது ஒரு சனிக்கிழமை இரவு. மறுநாள் ஞாயிறு, அந்நாட்டில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் சட்டப்படியே மூடிக் கிடக்கும். சனிக்கிழமைதோறும் சம்பளம் பட்டுவாடாவாகி, ஞாயிறு முழுதும் கடைவீதியில் தோளோடு தோள் இடிபடுகிற ஊரிலிருந்து சென்றவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை ஒரு நகரம் இவ்வளவு மௌனமாக இருக்கக்கூடும் என்பது கற்பனைக்கும் எட்டாதிருந்தது. அம்மா கட்டிக் கொடுத்த அரிசியும் துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் பெட்டியில் இருந்தன. ஆறு பேருக்குப் பொதுவான சமையலறையில், யாருடைய பாத்திரம் எதுவென்று தெரியாமல் தயங்கி நின்று, கடைசியில் ஒரு ருமேனிய மாணவன் தந்த சட்டியில் அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கினேன். கொங்கு நாட்டு மாணவன் எவனும் வேறு சமையல் தெரியாவிட்டாலும் இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டு புறப்பட வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஒரே சட்டி, ஒரே அடுப்பு, அரை மணி நேரம். அந்தச் சட்டிக்காரனும் நானும் இரண்டு வருஷமும் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்தே சாப்பிட்டோம்.

முதல் குளிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது, நம் பக்கத்து ஊரான ஈரோட்டில் 1887-இல் பிறந்து, 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்ற சீனிவாச ராமானுஜனை நினையாமல் இருக்க முடியவில்லை. இரவெல்லாம் குளிரில் நடுங்குவதாகவும், மேலங்கியும் சால்வையும் சுற்றிக்கொண்டு படுப்பதாகவும் அவர் சொல்லக் கேட்ட, அப்போது அங்கே மாணவராயிருந்த மகலனோபிஸ், அறைக்குள் சென்று பார்த்தாராம். கம்பளிகள் கட்டிலிலேயே, மேல்விரிப்புக்கு அடியில், மெத்தையோடு சேர்த்துச் செருகிக் கிடந்தன. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பதை அந்த மகாமேதைக்கு ஒருவரும் சொல்லவில்லை. இந்த விருத்தாந்தத்தைச் சிலர் வேடிக்கையாகச் சொல்வர். எனக்கோ அது மிகுந்த துயரத்தைத் தருவது. எண்களின் அந்தரங்கத்தையெல்லாம் அறிந்தவர், கையெட்டும் தூரத்தில் கம்பளி இருந்தும் குளிரில் விறைத்தார். பக்கத்து அறைக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆகையால் கேளுங்கள். குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது, தண்ணீர் வாங்கிய பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து 25 சென்ட்டை எங்கே வாங்குவது, வந்து குடியேறியதை நகர அலுவலகத்தில் எத்தனை நாளுக்குள் பதிவு செய்வது, எதையும் கூசாமல் கேளுங்கள்.

அவ்விதம் கேட்கப் போய்த்தான், இந்தப் பேச்சில் இனி அடிக்கடி வரப்போகும் ஓர் அம்மையாருடைய பரிச்சயம் எனக்குக் கிடைத்தது. ஸ்வாபியர்களிடம் 'கேர்வோக்கே' என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு கட்டடத்தில் குடியிருப்போர், வாரம் ஒருவராக முறைவைத்து, படிக்கட்டையும் நடையையும் வாசலையும் பெருக்கித் துடைக்க வேண்டும். முறை யாருடையதோ அவர் வீட்டுக் கதவில் ஒரு சிறு பலகை தொங்கும். இரண்டாம் மாதத்தில் நான் தனி அறைக்கு மாறியபோது, ஒரு நாள் காலை என் கதவில் அந்தப் பலகை தொங்கிற்று. பொருள் புரியாமல் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். எழுபத்தைந்து வயதைத் தாண்டிய அம்மையார் வெளியே வந்து, பலகையை வாசித்துக் காட்டி, துடைப்பத்தையும் வாளியையும் கையில் கொடுத்து, மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு வரவேண்டும் என்று கிரமத்தையும் போதித்தார். விடியுமுன் எழுந்து வாசல் பெருக்கித் தண்ணீர் தெளிக்கிற பெண்களை நித்தியம் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் ஒரு நாளாவது அதை நானே செய்தவன் அல்லன். அன்று ஐம்பத்தாறு படிகளைத் துடைத்து முடித்தபோது, ஐரோப்பாவைக் காட்டிலும் என் அம்மாவைப் பற்றி அதிகம் தெரிந்துகொண்டேன்.

சில வாரங்களுக்குப் பின், மாடிப்படியில் எதிர்ப்பட்ட அந்த அம்மையார் என் சட்டைக் கையின் விளிம்பைப் பிடித்து நிறுத்தி, 'இது எங்கே தைத்தது?' என்று கேட்டார். எங்கள் ஊரில் என்றேன். விளிம்பை உட்புறமாகத் திருப்பி, ஓவர்லாக் தையலை நகத்தால் நெருடிப் பார்த்தார். செக்கிங் டேபிளில் பீஸைத் திருப்பும் நம் பெண்களின் கை அசைவு அப்படியே அங்கே இருந்தது. பதினைந்து வயதிலிருந்து முப்பது வருஷம் அவர் உள்ளாடை தைத்தவர்; தைத்த ஊர் டைல்ஃபிங்கன்.

கல்லூரியின் பாடங்களை இங்கே விஸ்தரிக்கப் போவதில்லை. உங்கள் புத்தகங்களிலும் அவையே இருக்கின்றன. ஒன்றை மாத்திரம் சொல்லுகிறேன். முதல் செய்முறை வகுப்பில், துணியிலிருந்து நூலை உருவி, நூறு ஊசி பின்னிய நூலின் நீளத்தை அளந்து, லூப் நீளத்தைக் கணக்கிடச் சொன்னார்கள். எங்கள் கொட்டகையில் இருந்த ஃபிட்டர், மெஷின் ஓடும் சத்தத்தைக் காதால் கேட்டும் துணியை இரு விரலால் நீவியும், லூப் இறுகுகிறது என்றோ இளகுகிறது என்றோ சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். இரண்டும் அறிவுதான். ஆனால் ஃபிட்டருடைய அறிவு அவர் காதோடு இருந்தது. அவர் கம்பெனி மாறிய அன்றே எங்களை விட்டுப் போயிற்று. அங்கேயோ, ஒருவன் விரலில் இருந்ததை எண்ணாக்கி, எண்ணைத் தாளில் ஏற்றி, தாளை அலமாரியில் வைத்து, அடுத்த தலைமுறைக்கு விட்டுப் போகிறார்கள். நம் ஊர் ஃபிட்டர்களின் ஞானத்தை எழுதி வைக்க ஒருவரும் முன்வராதது எனக்கு இன்றளவும் ஆறாத வருத்தம்.

மாணவர் வருஷத்தில் 120 முழு நாள் வேலை செய்யலாம் என்று அப்போது விதி இருந்தது. ரயிலில் பத்து நிமிடத்துக்குள் போகக்கூடிய மெட்ஸிங்கன், பெரிய கம்பெனிகளின் ஆடைகளைக் குறைந்த விலைக்கு விற்கும் கடைகளால் நிறைந்த ஊர். நம் காதர்பேட்டைக் கடைவீதியைக் கண்ணாடி பதித்துக் கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு கடையின் கிடங்கில் பெட்டி பிரித்து அடுக்கும் வேலை செய்தேன். பெட்டியைத் திறந்தவுடன் எழும் புதுத் துணியின் வாசனை, காம்பாக்டிங் முடிந்து ரோல் வந்து இறங்கும் மாலை நேரத்தின் அதே வாசனை. ஆடையின் சீட்டில் 'இந்தியா' என்று மாத்திரம் இருக்கும், ஊர்ப்பெயர் இராது. ஓர் அட்டைப் பெட்டியின் ஓரத்தில், பீஸ் எண்ணியவர் யாரோ பேனாவால் தமிழில் எழுதிய எண்ணிக்கைக் குறிப்பை ஒரு தடவை பார்த்தேன். டிசம்பர் மாதம், மாலை நாலரைக்கே இருட்டிவிட்டது. நம் ஊரில் அப்போது இரவு ஒன்பது மணி; நைட் ஷிப்ட்டுக்கு ஆள் மாறும் நேரம். அந்த அட்டைத் துண்டைக் கத்தரித்து வைத்துக்கொண்டேன். இன்றும் என்னிடம் இருக்கிறது.

விடுமுறைகளில் பிரயாணம் செய்தேன். ஷெங்கன் நாடு ஒன்றில் குடியிருப்பு அனுமதி இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளிலும் குறுகிய காலம் தனி விசா இல்லாமல் சஞ்சரிக்கலாம். இரவுப் பேருந்தும் தோளில் ஒரு பையும் மாணவனுக்குப் போதும். தோழர்கள் வெனிஸுக்கும் பார்ஸிலோனாவுக்கும் போனபோது, நான் பனியன் ஊர்களைத் தேடிப் போனேன். பிரான்ஸில் பாரிஸுக்குத் தென்கிழக்கே த்ருவா என்று ஒரு பழைய நகரம். அந்நாட்டின் காலுறை, உள்ளாடைத் தொழிலுக்கெல்லாம் தலைநகராக விளங்கியது. 1893-இல் தோன்றிய பெத்தி பத்தோ கம்பெனி இன்றும் அவ்வூரதே. ஆனால் ஊரின் பழைய ஆலைகள் பல ஓய்ந்துவிட்டன. வில்லியம் லீ 1589-இல் இங்கிலாந்தில் அமைத்த பின்னல் சட்டத்தின் வழிவந்த மெஷின்கள் அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கின்றன; ஊரின் ஓரத்தில், எங்கெங்கோ தைத்த ஆடைகளை மலிவு விலைக்கு விற்கும் கடைத்தொகுதிகளுக்கு வெளியூர்க்காரர்கள் காரில் வந்து போகிறார்கள். தைத்த ஊர், தைத்ததை விற்கும் ஊராக மாறிவிட்டது. அந்த மாலையில் த்ருவாவின் மரச்சட்ட வீடுகளுக்கு நடுவே நடந்தபோது, நம் ஊர் அவிநாசி சாலையும் பல்லடம் சாலையும் நூறு வருஷங்களுக்குப் பின் எப்படி இருக்கும் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை.

மனம் அப்படிக் கனத்திருந்த கோடையில், ஜெர்மனியிலேயே உள்ள ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் திருவிழாவுக்குப் போனேன். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து அகதிகளாகப் போன தமிழர்கள் எழுப்பி, 2002-இல் குடமுழுக்குச் செய்த கோயில் அது. தொழிற்சாலைகளுக்கு இடையே கோபுரம் எழுந்து நிற்கிறது. காவடியும் கற்பூரமும் தேருமாக ஆயிரக்கணக்கானோர் திரள்கிறார்கள். கால்வாய்த் தண்ணீரே அங்கே தீர்த்தம். பந்தியில் பக்கத்தில் இருந்த ஈழத்துப் பெரியவர், 'தம்பி எவ்விடம்?' என்று கேட்டார். திருப்பூர் என்றேன். தம் வேட்டிக்கு மேல் அணிந்திருந்த பனியனைத் தொட்டுக் காட்டி, 'அப்ப இது உங்கட ஊர்தான்' என்றார். அன்று சாம்பாருக்கு இருந்த ருசி இன்னும் என் நாவில் இருக்கிறது.

அந்தப் பெட்டியும் தகடும் வந்த ஆல்ப்ஷ்டாட்டுக்குப் போனது அடுத்த இளவேனிலில். எபிங்கன், டைல்ஃபிங்கன் முதலிய ஊர்களை ஒன்றாக்கி 1975-இல் அந்நகரத்தை அமைத்தார்கள். ட்யூபிங்கனில் ரயில் ஏறினால், ஹோஹென்ஸோலர்ன் கோட்டை மலையுச்சியில் வெகுநேரம் கூடவே வரும். பிறகு பாதை மேலே ஏறும். காற்றில் குளிர் கூடும். எதிர் வீட்டு அம்மையாரும் உடன் வந்தார். ஊருக்குப் போய் நாளாயிற்று என்று அவரே சொல்லிக் கிளம்பியிருந்தார்.

அந்த மலைமேடு வறண்ட பூமி. மழை பெய்தாலும் சுண்ணாம்புப் பாறை தண்ணீரை உறிஞ்சிவிடும், பயிர் போதாது, ஆகவே வீடுகளில் பின்னலும் தையலும் நுழைந்தன. மானாவாரியை நம்பிப் பிழைக்க முடியாமல் பனியன் கம்பெனிக்கு வந்த குடும்பம் என்னுடையது. இதற்குமேல் எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. டைல்ஃபிங்கன் ஜெர்மனியின் உள்ளாடைத் தொழிலுக்குக் கேந்திரமாயிற்று. இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசியில், பெர்லினிலிருந்த ரசாயன ஆராய்ச்சிக்கூடத்தை அவ்வூரின் ஜவுளி ஆலைகளுக்குள் மாற்றினார்கள். அணுப் பிளவைக் கண்டறிந்த ஓட்டோ ஹான் 1945 ஏப்ரலில் அங்கேதான் பிடிபட்டார். 1970-களிலிருந்து கூலி உயர்ந்தது. வெளிநாட்டுச் சரக்கு மலிந்தது. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. இத்தாலியிலிருந்து வெள்ளை டி-ஷர்ட் கேட்டு வெரோனா என்ற வியாபாரி திருப்பூருக்கு வந்தது 1978-இல் என்று நம் ஊரில் சொல்வார்கள். நாம் அதை நம் ஊரின் உதயமாக எண்ணிக் கொண்டாடுகிறோம். அதே வருஷங்களில் அந்த அம்மையாருடைய ஆலையில் ஷிப்ட்டைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். இது தெரிந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு நாணமாக இருந்தது. அவரோ, 'நீங்கள் என்ன செய்வீர்கள், உங்களுக்கும் பிள்ளைகள் உண்டே' என்றார்.

எல்லாம் அழிந்துவிடவில்லை. அடுத்த ஊரான புர்லாடிங்கனில் ட்ரிகேமா கம்பெனி உள்நாட்டிலேயே தைப்பது என்ற வைராக்கியத்தோடு நடக்கிறது. எபிங்கனில் தியோடோர் க்ரோஸ் 1852-இல் தொடங்கிய ஊசித் தொழிலோ, உலகமெங்கும் கிளைவிட்டும், தலைமையகத்தைப் பிறந்த ஊரிலேயே வைத்திருக்கிறது. ஏன் என்று நெடுநாள் யோசித்தேன். 30 இஞ்ச் டயா, 24 கேஜ் மெஷினில் சுமார் 2,260 ஊசிகள் இருக்கும். அவற்றில் ஒன்றின் கொக்கி தேய்ந்தாலும், தாழ் சரியாக மூடாவிட்டாலும், ரோல் முழுதும் ஒரு கோடு விழும் என்பது இங்குள்ள ஒவ்வொருவருக்கும் தெரியும். லெஸ்டர் நகரத்து மேத்யூ டவுன்ஸெண்ட் பழக்கத்துக்குக் கொண்டுவந்த அந்தத் தாழ் ஊசியை, ஒன்றைப் போலவே மற்றொன்றாக, இலட்சக்கணக்கில் செய்யக் கற்ற கை எளிதில் இடம் பெயர்வதில்லை. தையல், கூலி குறைந்த இடத்தைத் தேடிப் போய்க்கொண்டேயிருக்கும். நம்மிடம் வந்தது போலவே நம்மிடமிருந்தும் போகக்கூடும். மாணவர்களே, உங்களில் பத்துப் பேராவது தைப்பதை விட்டு ஊசியின் பக்கம் வரவேண்டும். மெஷினை ஓட்டுவதோடு நில்லாமல் மெஷினைச் செய்ய வேண்டும். சாயத் தண்ணீரை முற்றிலும் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்துவதில், 2011-இல் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு நாம் அடைந்த தேர்ச்சியை, உலகத்துக்குக் கற்பிக்கும் சாஸ்திரமாக எழுத வேண்டும். நான் கடல் கடந்து போய்க் கற்று வந்தது இதுவே.

அன்று பிற்பகல் டைல்ஃபிங்கனில், பழைய ஆலைக் கட்டடம் ஒன்றில் அமைத்திருக்கும் பின்னல் அருங்காட்சியகத்துக்குள் சென்றோம். வட்ட மெஷின்களும் தையல் மெஷின்களும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. அம்மையார் ஓர் ஓவர்லாக் மெஷினுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கால் தானாகவே மிதியைத் தேடிற்று. நான் அலைபேசியில் என் தகப்பனாரை அழைத்து, ஒரு வட்ட மெஷினைக் காட்டினேன்.

'கண்ணு, அது நம்ம ரெண்டாம் நம்பரேதான்' என்றார். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, 'அந்தம்மாகிட்ட கேளு சாமி, அந்த மெஷின் துணியில எண்ணெய்க் கோடு உழுகுமான்னு' என்றார்.

நான் மொழிபெயர்த்துக் கேட்டேன். மெஷின் தமக்குத் தெரியாது என்றும், எண்ணெய்க் கோடு விழுந்த துணி தைக்க வந்தால் அந்தப் பீஸை மாத்திரம் ஒதுக்கி, இடப்பக்கக் கூடையில் போட்டுவிட்டுக் கணக்குச் சொல்வார்கள் என்றும், கூலி பீஸுக்குத்தான் ஆகையால் அந்தப் பீஸுக்குக் காசு வராது என்றும் அம்மையார் சொன்னார்.

'இங்கயும் அப்படித்தானுங்கம்மா' என்று என் தகப்பனார் தமிழிலேயே அவருக்குப் பதில் சொன்னார். அதை நான் மொழிபெயர்ப்பதற்கு முன்னதாகவே அம்மையார் தலையை அசைத்தார்.